சவ்வுக்கு அடியில் ஆறும் புண்

மலேசியாவின் ஜாசின் வட்டாரத்து மக்களுக்குக் கண் சிகிச்சை செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருவிழிப் புண் என்பது பாடப்புத்தகத்தில் படித்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வியாதியன்று. அது மெர்லிமாவிலிருந்தும் கெமெண்டோரிலிருந்தும் புக்கிட் ஆசகானிலிருந்தும் செலாண்டாரிலிருந்தும், ஒரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, பேருந்திலோ மகனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலோ வந்து சேரும் மனிதராகவே அவர்களுக்கு அறிமுகமாகிறது. மருத்துவ உதவியாளனாகச் சேர்ந்து, கண் பிரிவின் படமெடுக்கும் அறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அத்தகைய புண்ணுக்குச் சவ்வு ஒட்டி அறுவை சிகிச்சை செய்த பிறகு அது ஆறுகிறதா இல்லையா என்பதை நாங்கள் எவ்வாறு பின்தொடர்ந்து வந்தோம் என்பதை எழுத விரும்புகிறேன்.

எங்கள் வட்டாரத்தின் தொழில் மாறியபோது கண்ணுக்கு நேரும் ஆபத்தும் மாறியது. பால்மரக் காலத்தில் மரம் சீவுகிறவருடைய பார்வை பெரும்பாலும் தம் மார்பளவிலே, கத்தியின் முனையிலே நின்றது. பட்டைத் துணுக்கு தெறிப்பதும், பாலை உறைய வைக்கச் சேர்க்கும் பார்மிக் அமிலம் சிதறுவதுமே அன்று நாங்கள் அதிகம் கண்ட விபத்துகள். செம்பனை வந்த பிறகோ, குலை வெட்டுகிறவர் நாள் முழுதும் அண்ணாந்து நின்றே வேலை செய்ய வேண்டியதாயிற்று. நீண்ட கழியின் நுனியில் பூட்டிய அரிவாளால், குலையைத் தாங்கி நிற்கும் மட்டையை முதலில் அறுத்துத் தள்ளி, பிறகு குலையின் காம்பை அறுக்கும் அந்த நேரத்தில், மட்டைக்கும் தண்டுக்கும் இடையிலே ஆண்டுக்கணக்காக மக்கிக் கிடக்கும் தூசியும், காய்ந்த பூவின் துகளும், முறிந்த முள்ளின் நுனியும் அவருடைய திறந்த கண்ணை நோக்கி நேரே இறங்குகின்றன. பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்திருக்கும் தோட்டங்களிலும், வெயில் ஏறுவதற்குள்ளாகவே அது வியர்வையால் மங்கிப்போக, மேலே இருப்பது பழமா காயா என்று தெரியாமல் தொழிலாளி அதைக் கழற்றி நெற்றிக்கு மேல் ஏற்றிவிடுகிறார். இதை அவருடைய அசட்டை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. காய்க்குலையை வெட்டினால் கூலியில் பிடித்தம் உண்டு என்பது தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். இன்று இந்த வேலையைச் செய்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியருமே மிகுதி. நம்மவரில் பெரும்பாலோர் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆயினும் சிறு தோட்டங்களில் குத்தகைக்குக் குலை வெட்டப் போகும் வயதான தமிழர்களை இந்த வட்டாரத்தில் இன்னும் காணலாம்.

கண்ணின் முகப்பில் தெளிந்த மூடிபோல் அமைந்திருக்கும் கருவிழி என்னும் படலம் நடுவிலே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிமன் உடையது. அதன் மேற்றோலின் தடிமன் சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இந்த மெல்லிய தோல் கிழியாதிருக்கும் வரையில் பெரும்பாலான கிருமிகளுக்கு உள்ளே நுழைய வழியில்லை. கிழிந்துவிட்டாலோ, தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இரத்தக்குழாய் எதுவும் இல்லாமல் அமைந்த உட்பகுதி, கிருமியை எதிர்த்து நிற்கப் போதிய படைபலம் இன்றிக் கரையத் தொடங்குகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பரிசோதித்து 1997ல் வெளியிட்ட ஆராய்ச்சி, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்குக் கண்ணில் பட்ட காயமே ஆரம்பம் என்றும், பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சமபங்காகக் காரணமாயிருந்தன என்றும் காட்டிற்று. நெல்வயலுக்குப் பதில் செம்பனை என்பதைத் தவிர, அந்த வர்ணனைக்கும் நாங்கள் ஜாசினில் கண்டதற்கும் பெரிய வேற்றுமை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1980களில் புண்ணின் வளர்ச்சியையும் தேய்வையும் பதிவு செய்ய எங்களிடம் இருந்தவை ஸ்லிட் லாம்பும், புளோரசின் சாயம் தோய்ந்த காகிதக் கீற்றும், வர்ணப் பென்சில்களும்தாம். சுவீடன் தேசத்து குல்ஸ்திராந்து 1911ல் உலகுக்கு அளித்த அந்த விளக்கு, ஒளியை மெல்லிய தகடாக்கிக் கண்ணின் குறுக்கே பாய்ச்சுகிறது. நீல ஒளியில் பார்த்தால் தோல் உரிந்த இடம் மட்டும் சாயத்தை உறிஞ்சிப் பச்சையாகச் சுடர்விடும். அந்தப் பச்சையின் நீள அகலங்களை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, நோயாளியின் அட்டையில் ஒரு வட்டம் வரைந்து, நீர் கோத்து வீங்கிய பகுதிக்கு நீலமும், சீழ் படிந்த பகுதிக்கு மஞ்சளும், தோல் உரிந்த பகுதிக்குப் பச்சையும், புதிதாக ஊடுருவும் இரத்தக்குழாய்க்குச் சிவப்பும், தழும்புக்கும் தையலுக்கும் கறுப்பும் தீட்டி வைப்போம். எந்த ஊர்க் கண் வைத்தியர் பார்த்தாலும் புரிந்துகொள்ளக்கூடிய முறை அது. அதை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சித்திரம் மேலேயிருந்து பார்த்து வரைந்தது. புண் எத்தனை ஆழம், அதன் அடியில் மிச்சமிருக்கும் திசு எத்தனை தடிமன் என்பதெல்லாம் பார்ப்பவருடைய அனுபவத்தின் அனுமானமாகவே இருந்தது.

பனிக்குடச் சவ்வை ஒட்டும் சிகிச்சை வந்தபோது அந்த அனுமானத்துக்கும் இடமில்லாமற் போயிற்று. கருப்பையில் குழந்தையைப் பனிநீரோடு சூழ்ந்திருக்கும் சவ்வின் உட்படலம் இரத்தக்குழாய் இல்லாதது. அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது. புதிய தோல் ஊர்ந்து செல்வதற்கு உகந்த தளத்தையும் தன்னிடத்தே கொண்டது. அதைக் கண்ணுக்குப் பயன்படுத்தலாம் என்று 1940லேயே தெ ரோத் என்பவர் எழுதியிருந்தும், பல்லாண்டுகள் அது மறக்கப்பட்டுக் கிடந்து, 1995ல் கிம், செங் ஆகிய இருவருடைய பரிசோதனைகளுக்குப் பிறகே உலகெங்கும் பரவிற்று. திட்டமிட்ட சிசேரியன் பிரசவத்தின்போது, தாயின் சம்மதம் பெற்று, அவருடைய இரத்தத்தில் தொற்று எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு சேகரிக்கும் சவ்வு, குளிர்பதனத்திலோ உலர்த்தப்பட்டோ பாதுகாக்கப்படுகிறது. நம் நாட்டில், கிளந்தானிலுள்ள குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி, அதை உலர்த்திக் காமாக் கதிரால் கிருமி நீக்கி அளித்துவருகிறது. எவளோ ஒரு தாய் தன் பிள்ளையைப் பெற்றெடுத்த நாளில் கொடுத்தது, முகமறியாத ஒரு தோட்டத் தொழிலாளியின் கண்ணைக் காக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

சிகிச்சை நல்லதுதான். ஆயினும் சவ்வு பால்வெண்மையானது. அதைப் புண்ணின் மேல் விரித்துத் தைத்த பிறகு, ஸ்லிட் லாம்பின் ஒளி அதன் மேற்பரப்பிலேயே சிதறிவிடும். சாயமும் சவ்வைத்தான் நனைக்கும். அடியில் புண் மூடிக்கொண்டு வருகிறதா, கிருமி மறுபடியும் தலையெடுக்கிறதா என்று அறிய, சவ்வு தானே கரைந்து விலகும் வரை இரண்டு மூன்று வாரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காதுக்குக் கேட்காத ஒலியால் படமெடுக்கும் கருவி இருந்தது உண்மையே. ஆனால் அதற்குக் கண்ணின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து நீர் ஊற்ற வேண்டும். தையல் பச்சையாக இருக்கும் கண்ணில் அதைச் செய்ய யாருக்குத்தான் துணிவு வரும்?

இந்நிலையில்தான் ஓ.சி.டி. என்னும் யந்திரம் எங்கள் தொழிலுக்குள் வந்தது. 1991ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சார்ந்த டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ முதலானோர் விழித்திரைக்காக அறிவித்த இந்த முறையை, 1994ல் இசாட்டும் அவர் குழுவினரும் கண்ணின் முன்பகுதிக்கும் பயன்படுத்திக் காட்டினர். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அது திரும்பிவரும் தொலைவை, இன்னொரு ஒளிக்கதிரோடு சேர்த்து ஒப்பிட்டுக் கணிப்பதே அதன் தத்துவம். எதுவும் கண்ணைத் தொடுவதில்லை. 1310 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, மங்கிய திசுவையும் சவ்வையும் ஊடுருவிச் செல்ல வல்லது. ஆனால் அதைப் பயன்படுத்திய முதல் கருவிகள் ஆழத்தில் சுமார் 18 மைக்ரான் இடைவெளியைத்தான் பிரித்துக் காட்டின. 50 மைக்ரான் தோல் அவற்றில் ஒரு நிழற்கோடாகவே தென்பட்டது. பின்னர் வந்தவை 5 மைக்ரான் அளவுக்கு நுட்பம் பெற்றபோது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

படங்களோடு என் நினைவில் நிற்கும் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். லேடாங் மலையின் அடிவாரத்துப் பக்கம் குத்தகைக்குக் குலை வெட்டி வந்தவர், அறுபதை நெருங்கியவர். மட்டையை இழுத்தபோது கண்ணில் ஏதோ விழுந்தது என்று கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு, வலி தாளாமல் போன பிறகே மகளுடன் வந்தார். அந்த மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. சிவப்பை அது தணித்தது. பூஞ்சைக்கோ அது விருந்தாயிற்று. புண்ணின் விளிம்பு பஞ்சு பிரிந்தாற்போல் இருந்தது. அதைச் சுற்றித் தனித்தனியே சிறு வெண்புள்ளிகள். சுரண்டி எடுத்ததைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு திரவத்தில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிந்தன. மணிக்கொரு முறை நாட்டமைசின் சொட்டு, இரவிலும் விழித்திருந்து போட வேண்டியது, ஆரம்பமாயிற்று. 2013ல் வெளியான, அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த பெரும் பரிசோதனை, புதிய வோரிகொனசோல் சொட்டைக் காட்டிலும் இந்தப் பழைய மருந்தே மேல் என்று நிரூபித்திருந்தது எங்கள் டாக்டர்களுக்குப் பெரும் துணையாக இருந்தது.

வாரங்கள் கழிந்து தொற்று அடங்கியது. பள்ளம் மட்டும் மூடவில்லை. படத்தில் பள்ளத்தின் அடியில் மிஞ்சியிருந்த திசு 200 மைக்ரானுக்கும் குறைவு. இருமினாலும் ஓட்டை விழுமோ என்று அஞ்சத்தக்க நிலை அது. சிறு துண்டுகளாகச் சவ்வை அடுக்கிப் பள்ளத்தை நிரப்பி, அவற்றின் மேல் ஒரு துண்டை 10-0 நைலான் இழையால் தைத்து, எல்லாவற்றையும் மூடும்படி பெரிய சவ்வொன்றை வெள்ளைவிழி வரை விரித்துக் கட்டினார் டாக்டர்.

மறுநாள் எடுத்த படத்தில், சாம்பல் நிறக் கருவிழியின் குழியிலே சவ்வு அடுக்குகள் பிரகாசமான பட்டைகளாய்ப் படிந்திருந்தன. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே கரிய நூல்போன்ற இடைவெளி, அதாவது நீர். அடுத்த வாரம் அந்தக் கரிய நூல் காணாமற்போய், அடுக்குகள் திசுவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கடுத்த படத்திலேதான் நாங்கள் எதிர்பார்த்திருந்தது வந்தது: மேலே மூடிய பெரிய சவ்வுக்குக் கீழே, பள்ளத்தின் இரு கரைகளிலிருந்தும், ஒரே சீரான மெல்லிய பட்டை ஒன்று நடுவை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. அது புதுத் தோல். ஸ்லிட் லாம்பில் அன்று தெரிந்தது வெறும் வெண்திரை.

ஆனால் அதே வரிசையில் ஒரு படம் எங்களைக் கலங்கவும் வைத்தது. கீழ்க்கரையில், முந்தின வாரம் அதே கோணத்தில் எடுத்தபோது இல்லாத ஒரு பிரகாசத் திட்டு திசுவுக்குள் தோன்றி, அந்த இடம் சற்று வீங்கியும் இருந்தது. தழும்பும் பிரகாசமாகவே தெரியும், கிருமி புகுந்த இடமும் பிரகாசமாகவே தெரியும்; ஒரே ஒரு படத்தைக் கொண்டு இது இன்னதென்று நிர்ணயிக்க எவராலும் ஆகாது. நாள் செல்லச் செல்லத் தழும்பு மெலிந்து அதன் எல்லை கூர்மையாகும். தொற்றோ எல்லை கலங்கித் திசுவைப் பருக்க வைக்கும். முன்படத்தோடு பின்படத்தை வைத்துப் பார்த்து, குறைத்திருந்த நாட்டமைசினை டாக்டர் மறுபடியும் மணிக்கொரு முறையாக ஏற்றினார். அடுத்த வாரம் வீக்கம் வடிந்திருந்தது.

பெரிய சவ்வு கரைந்து உதிர்ந்த நாளில் அவர் மிகவும் பதறிப்போய் வந்தார். "சவ்வு கரைஞ்சு போச்சு தம்பி. இவ்வளவு பாடும் வீணாப் போச்சா?" என்றார். "இல்லைண்ணே, அது கரையத்தான் வேணும். இங்க பாருங்க" என்று முதல் படத்தையும் அன்றைய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நல்ல கண்ணைத் திரைக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இந்தக் குழி மூடிடுச்சா?" என்று கேட்டார். மகள் அழுதுவிட்டார். அதன் பின்னர் அவர் ஒரு வேளைச் சொட்டையும் தவறவிட்டதில்லை என்று மகளே சொன்னார். பார்வை முழுவதும் திரும்பவில்லை, நடுவிலே தழும்பு நின்றுவிட்டது. எனினும் கண் பிழைத்தது, எதிரே நிற்பவரின் முகம் அடையாளம் தெரிந்தது. குலை வெட்டுவதை விட்டு நாற்றுப்பண்ணை வேலைக்குப் போனார்.

இத்தனைக்கும் ஆதாரமானது அதே கோட்டில் மறுபடியும் எடுப்பது என்னும் ஒழுங்கு. நோயுற்ற கண்ணால் நோயாளி குறிவிளக்கைப் பார்க்க முடியாது. ஆகவே மற்றக் கண்ணால் வெளியே ஒரு விளக்கைப் பார்க்கச் செய்து, தாடையும் நெற்றியும் தாங்கியில் பதிந்திருக்க, இமையை உயர்த்தும் விரல் புருவ எலும்பின் மேல் மட்டுமே அழுந்த, ஒரு முறை கண்ணிமைக்கச் சொல்லி, கண்ணீர்ப் படலம் விரிந்த அந்தக் கணத்தில் எடுக்க வேண்டும். ஒளி செங்குத்தாக விழுந்தால் கருவிழியின் உச்சியில் ஒரு வெண்கோடு பளிச்சிடும். அது இல்லாத படம் சாய்ந்த படம், அதில் அளந்த தடிமன் நம்பத்தக்கதன்று. கிடைக்கோடு ஒன்று, செங்குத்துக்கோடு ஒன்று, மிக மெலிந்த இடத்தின் வழியே ஒன்று என எடுத்து, மூன்றாவதன் கோணத்தை அட்டையில் எழுதி வைப்பேன். நைலான் தையல் தன் கீழே நிழல் வீழ்த்தும். மடிந்த சவ்வும் அவ்வாறே. அந்த நிழலை ஓட்டை என்று எண்ணிப் பதறக்கூடாது. கோணத்தைச் சிறிது மாற்றினால் நிழல் இடம்மாறும், ஓட்டை இடம்மாறாது. யந்திரம் தானாகவே வரைந்து தரும் அளவுக்கோடு சவ்வின் மேல்விளிம்பைத் தோலென்று எடுத்துக்கொள்வதும் உண்டு. அதனால் இந்த நோயாளிகளுக்கு நான் கையாலேயே அளந்தேன். புதிதாக வரும் இளைஞர்களுக்கு இதைச் சலிப்பில்லாமல் சொல்லிக்கொடுத்தேன்.

பிற்காலத்தில் முள்ளும் தூசியும் இன்றியே சவ்வு ஒட்ட வேண்டி வந்தவர்கள் பெருகினார்கள். 2019ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். நீண்டகால நீரிழிவு கருவிழியின் நரம்புகளையும் மழுங்கச் செய்வதால், தோல் உரிந்தாலும் வலி தெரியாது, மூடவும் மூடாது. வலிக்காத புண்ணுக்காக மருத்துவமனைக்கு வருவார் யார்?

சவ்வாலும் காப்பாற்ற இயலாமல் துளை விழுந்த கண்களுக்கு, இறந்தவர் ஈந்த கருவிழியையே பொருத்த வேண்டும். 1905 டிசம்பர் 7ல் மொராவியாவின் ஓல்மூட்ஸ் நகரில் எட்வர்டு சிர்ம் முதன்முதல் வெற்றிகரமாக அதைப் பொருத்தியதும் ஒரு கூலித் தொழிலாளிக்குத்தான். சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் கெட்டவர் அவர். நம் நாட்டில் 1974லேயே மனிதத் திசுச் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், கொடையாளர் அருகிய காரணத்தால், வெளிநாட்டுக் கருவிழிகளையே பெரிதும் நம்பியிருக்கிறோம். இலங்கையில் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் 1964ல் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கி, பின்னர் எத்தனையோ தேசங்களுக்கு ஈந்தது. மலேசியரும் அந்தக் கொடையால் ஒளி பெற்றவர்களே. நம் குடும்பங்களில் இதைப் பேசத் தயங்குகிறோம் என்பது எனக்கு நீங்காத வருத்தம்.

நேப்பாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களைக் கொண்டு நடத்தி 2001ல் வெளியிட்ட ஆய்வொன்றைத் தோட்ட நிர்வாகிகளும் குத்தகைக்காரர்களும் அறிந்துகொள்ள வேண்டும். கருவிழியில் சிராய்ப்புப் பட்ட 442 பேருக்கு 1 சதவீத குளோரம்பெனிக்கால் களிம்பை நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் இட்டார்கள். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பித்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. டிரேசர்கள் என்னும் தோட்டத்து மருத்துவ உதவியாளர்கள் இருந்த காலத்தில் அந்த முதல் களிம்பு லயத்துக்கு அருகிலேயே கிடைத்தது. இன்று குத்தகை ஆளுக்கு அந்த வசதியும் இல்லை.

ஆகையால் ஜாசின் வட்டாரத்துச் சகோதரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கண்ணில் எது விழுந்தாலும் கசக்காதீர்கள். சுத்தமான நீரால் கழுவுங்கள். தாய்ப்பாலும் எண்ணெயும் விடாதீர்கள். கடையில் சொட்டு மருந்து வாங்காதீர்கள். ஜாசின் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கிறது. அன்றைக்கே அங்கே போய், கண்ணில் செம்பனை மட்டையின் தூசி விழுந்தது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். செடி கொடியால் பட்ட காயம் என்று தெரிந்தால் டாக்டர் பூஞ்சையையும் நினைவில் வைத்துப் பார்ப்பார்.